சிறிய மர அலமாரி: பூச்சை முதலில் முடிவு செய்து பார்த்த அனுபவம்

தையல் சாமான்கள் வைக்க ஒரு சுவர் அலமாரி தேவைப்பட்டது. உயரம் 600 மி.மீ., அகலம் 400, ஆழம் 200. ஒற்றைக் கதவு, உள்ளே இரண்டு தட்டு, மரம் தேக்கு. இவ்வளவு சின்ன வேலைக்குத் திட்டம் எதற்கு என்று தோன்றும். ஆனால் இந்த முறை வழக்கத்தைத் தலைகீழாக்கிப் பார்க்க நினைத்தேன். மரத்தில் ரம்பம் படும் முன்பே எந்தப் பரப்புக்கு என்ன பூச்சு, அதை எந்தக் கட்டத்தில் அடிப்பது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் மூட்டு, கதவு, விளிம்பு, கீல் என்று ஒவ்வொன்றும் பூச்சோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தது.

உள்பக்கத்திலிருந்தே தொடங்கினேன். துணியும் நூலும் வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் கலந்த பூச்சுகள், அதாவது ஆளிவிதை எண்ணெயோ சாதாரண வார்னிஷோ, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். கதவு மூடிய பெட்டிக்குள் காற்றோட்டம் கிடையாது. அதனால் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கதவைத் திறந்தால் பல மாதங்களுக்கு எண்ணெய் நாற்றம் வந்துகொண்டே இருக்கும். எனவே உள்ளே அவலரக்கு, அதாவது செதில் செதிலாக விற்கும் ஷெல்லாக் என்று முடிவு செய்தேன். செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கிறோம், ஸ்பிரிட் ஆவியாகிப் போனதும் அரக்கு மட்டும் மிஞ்சுகிறது. மறுநாளே வாசனை இல்லை.

அரக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு சுமார் 120 கிராம் செதில் என்ற நீர்த்த கரைசல்தான் எனக்குக் கைக்கு வசதி. கெட்டியாகக் கரைத்தால் பிரஷ் தடம் நிற்கும். மெல்லிசாக நாலைந்து முறை அடிப்பதில் நேரம் ஒன்றும் கூடுதலாகப் போவதில்லை, முதல் பூச்சு காய்வதற்குள் டீ ஆறுவதில்லை. கண்ணாடி ஜாடியில் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் அரக்கைக் கறுப்பாக்கும். கரைத்த தேதியை ஜாடி மேல் எழுதி ஒட்டுங்கள். பழைய கரைசல் சரியாக இறுகாது, ஆறு மாதம் தாண்டினால் நான் நம்புவதில்லை. சந்தேகம் இருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்க்கலாம். இன்னும் பிசுபிசுப்பாக இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். ஈரக்காற்று வீசும் நாளில் அடித்தால் வெண்படலம் பூக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதால் வருவது அது.

உள்ளே அரக்கு என்று எழுதியவுடன் அடுத்த கேள்வி வந்துவிட்டது. பெட்டியை ஒட்டிய பிறகு 150 மி.மீ. ஆழமுள்ள மூலைகளுக்குள் பிரஷை விட்டு ஒழுங்காக அடிக்க முடியுமா? முடியாது. மூலையில் தேங்கும், வழியும், உப்புத்தாள் எட்டாது. ஆகவே உள்முகங்களை ஒட்டும் முன்பே இழைத்து, தேய்த்து, பூசி முடித்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மூட்டு வரும் இடங்களில் மட்டும் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். இறுகிய பூச்சு மேல் மரப்பசை பிடிக்காது. அந்தப் பிடிக்காத குணமே இன்னொரு பக்கம் லாபம். கிளாம்ப் இறுக்கும்போது பிதுங்கி வழியும் பசை பூசிய பரப்பில் ஒட்டுவதில்லை. பாதி இறுகியதும் உளி முனையால் நெம்பினால் நாடா மாதிரி கழன்று வருகிறது. வெறும் மரத்தில் வழிந்த பசையோ துளைக்குள் இறங்கிவிடும், பிறகு எண்ணெய் பட்டதும் அந்த இடம் மட்டும் வெளிறிக் காட்டும். ஒரு எச்சரிக்கை: ஒட்டும் முன் மெழுகு மட்டும் தடவாதீர்கள். அது கை வழியாக மூட்டுக்குள் போய்விடும்.

அடுத்து கதவு. இங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்தேன்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில் அசையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும் வரை, வளையங்களுக்கு இணையாக அறுத்த தேக்குப் பலகை அகலத்தில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து ஆரம்போலப் போகும் திசையில் அதில் பாதிக்கும் குறைவு. இந்தச் சுருக்கம் முழுவதும் மரத்தின் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நடக்கிறது. அப்படியானால் ஈரம் ஒரு சதவீதம் மாறினால், மொத்தச் சுருக்கத்தில் முப்பதில் ஒரு பங்கு. வறண்ட மாதத்துக்கும் மழை மாதத்துக்கும் இடையே 4 சதவீதம் ஈரம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

எனக்குக் கதவு பெட்டியின் வாய்க்குள்ளேயே உட்கார வேண்டும், முன்விளிம்போடு சமமாக. பக்கப் பலகைகள் 18 மி.மீ. கனம், எனவே வாய் 364 மி.மீ., கதவு 361. இந்தக் கதவை ஒரே பலகையில் செய்தால் வருடத்துக்குள் இரண்டரை மி.மீ.க்கு மேல் விரிந்து சுருங்கும். இரண்டு பக்கமும் சேர்த்து நான் விட நினைத்த இடைவெளியே 3 மி.மீ.தான். வறண்ட மாதத்தில் செய்தால் மழையில் கதவு இறுகிக்கொள்ளும், மழையில் செய்தால் வறட்சியில் பல் இளிக்கும். அதே கதவைச் சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்தால் அகலத்தில் அசைவது இரண்டு நிமிர்ந்த சட்டங்கள் மட்டும். ஒவ்வொன்றும் 48 மி.மீ., இரண்டும் சேர்த்து 96. அதன் அசைவு முக்கால் மி.மீ.கூட இல்லை. குறுக்குச் சட்டங்களில் மரத்தின் நீளவாக்கு கதவின் அகலத்தோடு ஓடுவதால் அவை நீள்வதில்லை. பெட்டியின் வாயும் மாறாது, ஏனென்றால் மேல் கீழ்ப் பலகைகளின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. சட்டக் கதவு அழகுக்காக வந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சின்னக் கணக்கைக் காட்டலாம்.

நடுப்பலகையின் அசைவு எங்கே போகும்? சட்டத்தின் காடிக்குள், அதாவது அதன் உள்ளோரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள். காடியின் ஆழம் 10 மி.மீ., பலகையைப் பக்கத்துக்கு 3 மி.மீ. குறைத்து அறுத்தேன். 279 மி.மீ. அகலப் பலகைக்கு அசைவு மொத்தம் 2 மி.மீ. என்பதால் தாராளமாகப் போதும். காடிக்குள் பசை ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. மேலும் கீழும் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் மட்டும் பலகையைச் சிறு ஆணியால் பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமாக விரியும், ஒரு பக்கமாக நகர்ந்து போகாது.

பூச்சுத் தாள் இங்கேயும் குறுக்கே வந்தது. கதவை ஒட்டி முடித்துவிட்டுப் பூசினால் காடிக்குள் மறைந்த ஓரம் வெறும் மரமாகவே இருக்கும். வறட்சியில் பலகை சுருங்கும்போது அந்த ஓரம் வெளியே வந்து, சட்டத்தை ஒட்டி ஒரு வெளிறிய கோடு தெரியும். பழைய கதவுகளில் கவனித்தால் தெரியும் இது. நடுப்பலகையை முழுக்கப் பூசிக் காயவைத்த பிறகே சட்டத்துக்குள் ஏற்றினேன். முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் ஒரே பூச்சு, ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரத்தை வேறு வேறு வேகத்தில் வாங்கி பலகை கோணும்.

விகிதத்தைப் பற்றி நிறையப் பேர் பொன்விகிதம் என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 400-க்கு 600 கண்ணுக்கு நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். கீழ்க் குறுக்குச் சட்டம் மேலுள்ளதைவிட அகலமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. மேலே 48, கீழே 60. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் கீழே உள்ளது ஒல்லியாகத் தெரியும். கண் உயரத்துக்கு மேலே மாட்டும் அலமாரி என்றால் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அதன் மேல்பலகையை யாரும் பார்க்கப் போவதில்லை, அடிப்பலகையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். இருந்ததிலேயே நல்ல ரேகை ஓடிய துண்டை அடியில் போட்டேன். சட்டங்களுக்கு நேர் ரேகை, நடுப்பலகைக்குக் கோபுரம் கோபுரமாக எழும் ரேகை. நேர் ரேகைச் சட்டம் முறுக்கிக்கொள்வதும் குறைவு.

ஆழத்தை முழு அளவில் தாளில் வரைந்து பார்த்தது நல்லதாயிற்று. 200 என்று சொல்லிக்கொள்கிறோம். சுவரில் தொங்கவிடும் பட்டைக்கு 20, முதுகுப் பலகை 6, கதவு 20 போனால் மிஞ்சுவது 154. நூல் கட்டைக்குப் போதும், பெரிய கத்தரிக்கோலைக் குறுக்கே வைக்க முடியாது. தொங்கவிட, 45 பாகையில் சாய்த்து இரண்டாக அறுத்த பட்டை. ஒரு பாதி சுவரில், மறு பாதி அலமாரியில். தூக்கி மாட்டினால் எடையே அதை இறுக்கிக்கொள்ளும். பின்னால் 20 மி.மீ. காற்றிடைவெளியும் கிடைக்கிறது, ஈரம் கோக்கும் சுவருக்கு அது நல்லது. முதுகுக்கு 6 மி.மீ. பிளைவுட்தான். பிளைவுட் அசையாது என்பதால் தைரியமாக ஒட்டலாம், பெட்டியையும் மட்டத்தில் பிடித்துக்கொள்ளும். ஒட்டும்போது இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பார்த்தால் போதும், மூலை மட்டத்தைவிட அது நம்பகமானது. முதுகுப் பலகையின் உள்பக்கத்துக்கு மட்டும் வெள்ளையை ஒட்டிய பெயின்ட் அடித்தேன். தேக்குப் பின்னணியில் பழுப்பு நூலும் கறுப்பு நூலும் கண்ணுக்குத் தெரியாது.

மூட்டு டவ்டெயில், அதாவது புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மூட்டு. எடை அடிப்பலகையை நேர்கீழாக இழுக்கும், ஆகவே வால்கள் பக்கப் பலகையில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எடை முழுவதையும் பசையே தாங்கும். வெளியே தெரியும் டவ்டெயிலில் பூச்சு சம்பந்தமான ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. மரத்தின் வெட்டுமுகம், அதாவது நார்களின் முனை தெரியும் பக்கம், எண்ணெயைக் குடித்துக் கறுக்கும். ஒட்டியபோது மங்கலாகத் தெரிந்த மூட்டு, எண்ணெய் பட்டதும் கறுப்புக் கட்டமும் பழுப்புக் கட்டமுமாகப் பளிச்சென்று எழும்பும். சிலருக்கு அதுதான் வேண்டும். எனக்குக் கதவின் ரேகையோடு அது போட்டி போடுவதாகப்பட்டது. அதனால் வெட்டுமுகத்தை மட்டும் 320 எண் உப்புத்தாள் வரை (எண் கூடினால் தாள் நைசு) தேய்த்து, எண்ணெய்க்கு முன் நீர்த்த அரக்கு ஒரு கை கொடுத்தேன். மற்றப் பரப்புகளை 220-லேயே நிறுத்திவிட்டேன். கறுப்பு பாதியாகக் குறைந்தது.

இதைத் துண்டு மரத்தில் முதலில் பார்த்தேன். பூச்சுச் சோதனைக்கு அதே பலகையில் மிஞ்சிய துண்டுதான் வேண்டும், அதே உப்புத்தாள் வரிசையில் தேய்த்திருக்க வேண்டும், முதல் பூச்சிலிருந்து கடைசி வரை முழுதும் அடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு கை பூசி நிறம் பார்ப்பது வீண். துண்டின் பின்னால் என்ன வரிசையில் என்ன அடித்தோம் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து ஞாபகம் இருக்காது. தேக்கு வாங்குபவர்களுக்கு இன்னொன்று. புதிதாக இழைத்த தேக்கு திட்டுத் திட்டாக, சில இடத்தில் பச்சை கலந்த பழுப்பாக இருக்கும். அதைச் சமப்படுத்த ஸ்டெயின் அடிக்க அவசரப்பட வேண்டாம். வெளிச்சத்தில் வைத்தால் சில வாரங்களில் தானே பொன்பழுப்புக்கு வந்துவிடும். மேலே எதையும் பாதி மறைத்து வைக்காமல் இருந்தால் போதும், வைத்த பொருளின் வடிவம் அப்படியே படியும்.

விளிம்புகள் கூர்மையாக இருந்தால் அங்கே பூச்சு நிற்காது. திரவம் கூர்முனையிலிருந்து விலகி ஓடும், அங்கே படலம் மெலியும், கை படும் இடமும் அதுவே என்பதால் முதலில் தேய்வதும் அங்கேதான். 180 தாளைக் கட்டையில் சுற்றி, ஒவ்வொரு விளிம்பையும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்து முனையை முறித்துவிட்டேன். கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் மட்டும் இழைப்புளியால் 2 மி.மீ. சரிவு கொடுத்தேன். அது நிழல்கோடு ஒன்றைத் தருகிறது, வேறு வேலைப்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

தேய்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. 120, 180, 220, எப்போதும் ரேகையோடு. ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் பரப்பெங்கும் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிட்டால், கிறுக்கல் மறையும் வரை தேய்த்தோம் என்ற கணக்காவது இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையை ஒட்டிப் படுக்கவைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது வழவழப்பாகத் தெரிந்த பலகையில் இழைப்புளி விட்ட வரப்பும், குறுக்கே விழுந்த கீறலும், கணுவைச் சுற்றி நார் பிய்ந்த இடமும் நிழலாக எழுந்து நிற்கும். தின்னரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தால் வழிந்து ஒட்டிய பசைத் திட்டும் காட்டிக்கொடுத்துவிடும். தின்னர் ஆவியாகிவிடும், மரத்தை ஒன்றும் செய்யாது. தண்ணீர் சார்ந்த பூச்சு அடிப்பவர்கள் முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நார்களை 220-ல் மறுபடி தேய்த்துவிட வேண்டும்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. பசை போடும் சற்று முன்பு மூட்டுப் பரப்பை அசிட்டோனால் துடைத்தேன். வெளிப்பூச்சுக்கும் அதே எண்ணெய் இடைஞ்சல், வார்னிஷ் இறுகுவதைத் தாமதப்படுத்தும். மெழுகு நீக்கிய அரக்கை நீர்த்து ஒரு கை கொடுத்தால் அது தடுப்புச் சுவராகிவிடுகிறது. மெழுகு நீக்காத அரக்கு மேல் பாலியூரித்தேன் (கெட்டியான படலமாக இறுகும் பூச்சு) சரியாகப் பிடிக்காது, வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். வெளியே நான் அடித்தது வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் மூன்றும் சமபங்கு கலந்தது. தடவி, கால் மணி நேரம் விட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். பளபளப்பு குறைவு, பாதுகாப்பும் கெட்டியான படலம் அளவுக்கு இல்லை. சுவரில் தொங்கும் தையல் அலமாரிக்கு அது போதும், தண்ணீர் டம்ளர் வைக்கப் போவதில்லை. மேசை மேற்பரப்பாக இருந்தால் பாலியூரித்தேனுக்குப் போயிருப்பேன். அப்படிப் போகிறவர்கள் மங்கல் பூச்சு வேண்டுமென்றால் கீழடுக்குகளைப் பளபளப்பு வகையில் அடித்து, கடைசி ஒரு கையை மட்டும் மங்கலில் முடியுங்கள். மங்கலாக்கும் பொடி அடுக்கடுக்காகச் சேர்ந்தால் ரேகை மேல் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் கூடிக் கூடி, தீப்பெட்டி இல்லாமலே பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும், சுத்தம் செய்கிறேன் என்று அவர்கள் எடுத்துக் குப்பைக்கூடையில் திணித்துவிடக்கூடும்.

கீல்களைப் பூச்சுக்கு முன்பே பொருத்தி, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, கழற்றிப் பூசி, மறுபடி மாட்டினேன். பித்தளைத் திருகாணி மிருதுவானது, தேக்கில் நேரடியாக முடுக்கினால் தலை முறிந்து உள்ளே நின்றுவிடும். சரியான துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கிப் புரி பதித்துவிட்டு, பிறகு மெழுகு தொட்ட பித்தளையை ஏற்ற வேண்டும். உள்ளே மறையும் கிண்ணக் கீல் போட்டிருந்தால் கீலுக்கு 35 மி.மீ. துளை ஒன்றோடு வேலை முடிந்திருக்கும், திருகாணியைத் திருப்பிக் கதவை நகர்த்திச் சரிசெய்யவும் முடியும். முதல் அலமாரி செய்கிறவர்களுக்கு, அதிலும் கதவை வாய்க்கு வெளியே மேலே படியவைக்கிறவர்களுக்கு, நான் அதையே சொல்வேன். கைப்பிடிக் குமிழை நடுவுக்குக் கீழே வைத்தேன், மேலே மாட்டிய கதவுக்குக் கை அங்கேதான் போகிறது.

உள்தட்டுகள் 12 மி.மீ. கனம். 364 அகலத்துக்கு அது தொய்யாது. அகலமான அலமாரி செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: தொய்வு கனத்தின் முப்படிக்கு (கனம் × கனம் × கனம்) எதிர்விகிதம். 16 மி.மீ. தட்டை 20 ஆக்கினாலே தொய்வு பாதியாகிவிடும். தட்டைத் தாங்கும் 5 மி.மீ. துளைகளை மேலிருந்து கீழ் வரை வரிசையாகப் போடாமல் ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று மட்டும் போட்டேன், பக்கப் பலகை சல்லடையாகாமல் தப்பியது.

மூன்று வாரம் காயவிட்டு, மூக்கை வைத்துப் பார்த்து, வாசனை அடங்கிய பிறகு தேன்மெழுகு தடவித் தேய்த்தேன். இனி கீறல் விழுந்தால் வெளியே அதே கலவையை ஒரு கை தடவலாம். உள்ளே அரக்கு பழைய அரக்கைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும், சுரண்ட வேண்டியதில்லை. சிலிக்கோன் கலந்த ஸ்பிரே பாலிஷ் மட்டும் பக்கத்தில் வர விடாதீர்கள். என்றைக்காவது மறுபடி பூச வேண்டி வந்தால், அது பட்ட இடத்தில் பூச்சு பரவாமல் குழி குழியாக விலகும். அதை மரத்திலிருந்து முழுக்க எடுப்பது லேசான காரியம் அல்ல.